பழைய கடகத்தில் ஒரு மாட்டுத் தலை

1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ கிராமத்தில் புனித பிரான்சிஸ் அசிசியார் பாலன் குடில் அமைத்தபோது, உண்மையான எருதையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். நம்மில் பலர் மாடுகளை அவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள். ஆயினும் நம் பிள்ளைகளின் பாலன் பிறப்பு நாடகத்தில் மாடு இல்லாமற் போக வேண்டியதில்லை. காசு செலவின்றி ஒரு மாட்டுத் தலையை நாமே செய்துகொள்ளலாம்.

தேவையானவை: கிழிந்த கடகம் ஒன்று, பழைய பத்திரிகைகள், வெறும் பால்மாப் பெட்டி, கடதாசி மட்டை, நூல், பசை.

பசைக்கு மாவா?

உண்ணும் மாவை விளையாட்டுக்குச் செலவிடலாமா என்று தாய்மார் கேட்பது நியாயமே. நல்ல மாவைத் தொடவேண்டாம். வண்டு மொய்த்து, சமைக்க உதவாத மாவை அரித்து எடுப்போம். ஒரு கோப்பை மாவை ஒரு கோப்பை பச்சைத்தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் நான்கு கோப்பை நீரில் ஊற்றிக் கிளறினால் பசை தயார். வைத்திருந்தால் புளித்துவிடும், அன்றன்றைக்குத் தேவையானதையே காய்ச்சுவோம். பூச்சி அரிக்காதிருக்கத் துருசு கலப்பது கூடாது. அது நஞ்சு, பிள்ளையின் முகத்தில் படும்.

செய்யும் முறை

1. கடகத்தைக் கவிழ்த்து, சும்மாடு வைத்துப் பிள்ளையின் தலையில் பொருத்திப் பார்க்கவும். கண்ணிலிருந்து வாய்வரை, ஒரு சாண் அகலத்துக்குக் கரியால் அடையாளமிட்டு, கடகத்தைக் கழற்றியபின் வெட்டவும். பார்வைக்கும் மூச்சுக்கும் இதுவே வழி.

2. வெட்டிய வழிக்கு மேலே பால்மாப் பெட்டியை மூஞ்சியாக நூலாற் கட்டவும். அது ஒரு சாணுக்கு மேல் நீண்டால் தலை முன்னே சாயும்.

3. பத்திரிகையை இறுக்கிச் சுருட்டிக் கொம்புகளும், மட்டையை வெட்டிக் காதுகளும் செய்து கட்டவும்.

4. இரு விரல் அகலக் கடதாசிக் கீலங்களைப் பசையில் தோய்த்து, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டவும். ஒரு படை நன்கு காய்ந்த பின்பே அடுத்த படை. நான்கு படை போதும்.

5. கரித்தூளையோ செம்மண்ணையோ பசையிற் குழைத்துப் பூசினால் நிறம் கிடைக்கும்.

ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்ப முடியாது. ஆகவே புரட்டாதியிலேயே தொடங்குவது நல்லது.

கவனம்

கழுத்தில் கயிறு கட்டக்கூடாது. பிள்ளை தானே உடனே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பொலித்தீனால் முகத்தை மூடக்கூடாது. மெழுகுதிரி, குப்பிவிளக்கு அருகே போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. உள்ளே வெக்கை மிகும். தன் காட்சி முடிந்ததும் கழற்றி வைக்கட்டும்.

இறுதியாக ஒன்று. கொம்பு எங்கே முளைக்கும், காது அதற்குக் கீழே எப்படிச் சாயும் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டுச் செய்யட்டும். மாட்டை அருகில் நின்று பாராத பிள்ளைகளும் நம்மிடையே வளர்கிறார்கள். அப்பு தன் எருதுகளைப் பற்றிச் சொல்ல, பேரன் கடதாசியை ஒட்டும் அந்த மாலைப்பொழுதில், நாம் விட்டுவந்த பட்டியிலிருந்து ஏதோ ஒன்று அவனிடம் வந்து சேரும்.