கையில் சுமையில்லாத நடை

எங்கள் மாதர் குழுக் கூட்டத்தில் ஒருநாள், “உங்களுடைய பொழுதுபோக்கு என்ன?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். “காலையில மலைக்குப் போனா அந்திக்குத்தான் வாறோம். பொழுது எங்கம்மா இருக்கு, போக்குறதுக்கு?” என்றார் கொழுந்து பறிக்கும் ஒருவர். மூலையில் இருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த அக்கா சிறுமியாக இருந்தபோது, 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் அவரது குடும்பம் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அப்போதும் 1983இலும் அப்படி வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பல. போர் அங்கும் அவர்களைத் துரத்தியது. 2009இல் மூட்டை முடிச்சுகளோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர் அவர். முகாம் வாழ்க்கையின் பின், உறவினரைத் தேடி மஸ்கெலியாவுக்கு வந்து சேர்ந்தார்.

“காலையில் என்னோடு நடக்க வாங்களேன் அக்கா” என்று அழைத்தேன். “நடந்தது காணும் தங்கச்சி” என்றார். சமூகவியல் படித்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு 2 வருடங்களுக்கு முன் தூக்கம் கெட்டது. நாள் முழுவதும் மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுவிட்டு, இரவில் விழித்துக் கிடப்பேன். அப்போதுதான் வெளியே போகத் தொடங்கினேன். என் அம்மாவே, “மலையிலயே வெந்து கிடந்தோம், நீ காசு இல்லாமலே மலை ஏறப் போறியா?” என்று கேலி செய்தார்.

இப்போது என் வாரம் இப்படித்தான் போகிறது. வேலை நாட்கள் ஐந்திலும் காலையில் அரை மணி நேரம் மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையோரமாக நடக்கிறேன். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 நாள் நடந்தால் அந்தக் கணக்கு சரி. செவ்வாயும் வியாழனும் அந்தியில் லயத்துக் கோடியில் உள்ள 2 பாத்திகளில் லீக்ஸும் கரட்டும் பார்க்கிறேன். புதன்கிழமை வெளிக்கள வேலைக்குப் போகும் வழியில், கண்ட பறவைகளைப் பழைய கொப்பியொன்றில் குறித்துக்கொள்வேன். காதோரம் மஞ்சள் நிறமுள்ள கொண்டைக்குருவி ஒன்று இங்கே உண்டு. இலங்கையின் மலைப்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. வெள்ளி மாலை தோட்டத்து மைதானத்தில் பிள்ளைகளோடு வலைப்பந்து. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அப்போது ஒரு சனிக்கிழமை இரவு நல்லதண்ணி வழியாக 2,243 மீற்றர் உயர மலையில் ஏறுவோம். மறுநாள் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுத்துவிடுவேன். களைப்புத்தான், ஆனால் தூக்கம் வருகிறது.

மாசி மாதத்தில் ஒருநாள் அந்த அக்கா தானாகவே வந்தார். “கரை வரைக்கும் வாறன்” என்றார். மழையில்லாக் காலம், நீர் வற்றியிருந்தது. 1960களில் இந்த நீர்த்தேக்கம் அமைத்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. நீர் குறையும்போது பழைய கோவிலும் மற்றைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்களும் வெளியே தெரியும். அக்கா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு தம் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். “கையில ஒண்டும் இல்லாம நான் நடந்ததே இல்லைத் தங்கச்சி. மூட்டை, இல்லாட்டிப் பிள்ளை, இல்லாட்டித் தண்ணிக் குடம்” என்றார். சிறிது தூரம் போனதும், “போதும், திரும்புவம்” என்றார். திரும்பினோம். போரின்போது அவர் நடந்த நடையில், போதும் என்று நிற்கவும் திரும்பவும் அவருக்கு உரிமை இருக்கவில்லை.

அவர் இன்றுவரை சிவனொளிபாதமலை ஏறவில்லை. வாரத்தில் 2 நாள் கரை வரைக்கும் வருகிறார். கூப்பிடாமலே வருகிறார்.

சகோதரிகளே, வேலைக்காக வெளியே நிற்பது வேறு, நமக்காக வெளியே நிற்பது வேறு. வாரத்தில் ஒருநாள், 10 நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். முறைவைத்து ஒருவர் மற்றவரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மலையகத்தில் குளவிக்கூட்டையும் அட்டையையும் கவனியுங்கள். வடக்கில், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் வைக்காதீர்கள். பழகிய பாதையிலேயே நடவுங்கள். நடக்கும்போது பழைய நினைவு வந்து நெஞ்சு படபடத்தால் நின்று, காலடியில் தரையை உணர்ந்து, கண்ணில் படுபவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். தூக்கமின்மை நீடித்தால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம்.

“புருஷனைத் தேடித் திரியிறவளுக்கு உலாத்தல் கேக்குதோ?” என்று ஊர் கேட்கும். அந்த அக்காவிடமும் கேட்டார்கள். “தேடுறதுக்கும் கால் வேணும்தானே” என்றார் அவர்.