நாட்பட்ட சிறுநீரக நோயும் சிறார் வாழ்வும்

நோயின்மையே நலமென்று கொள்வது உலக வழக்கு. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்போ, உடல், உள்ளம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் சிறந்திருத்தலே நலம் என இலக்கணம் வகுத்தது. நாட்பட்ட நோயுற்ற சிறாரை நோக்குமிடத்து இவ்விலக்கணத்தின் பொருத்தம் நன்கு புலனாகும். அவர்தம் நோய் முற்றும் நீங்குதல் அரிதாயினும் வாழ்வு சிறத்தல் கூடும்.

ஊவா மாகாணத்திற் சிறுநீரக நோய் என்றவுடன் கிராந்துருக்கோட்டை, மகியங்கனைப் பகுதி உழவரின் நினைவே எழும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்நோயின் காரணம் இன்றும் ஐயமறத் துணியப்படவில்லை. அது பெரும்பாலும் வளர்ந்தோரைப் பற்றுவது. சிறாரின் நோய்க்குக் காரணங்கள் வேறு. பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ செவ்வனே அமையாமை, சிறுநீர் மேனோக்கிப் பாய்தல், குருதியை வடிக்கும் நுண்வடிகள் அழற்சியுறுதல் முதலியன அவற்றுட் சில. மலைத்தோட்டச் சிறாரும் இவற்றிற்கு விலக்கல்லர்.

சிறுநீரகம் கழிவை அகற்றுவதோடு அமைவதன்று. செங்குருதிக் கலங்களின் ஆக்கத்தைத் தூண்டும் சுரப்பு பெரிதும் அங்கிருந்தே பிறக்கின்றது. என்பை வலுப்படுத்தும் உயிர்ச்சத்து டீயும் அங்கேயே செயல்நிலை எய்துகின்றது. ஆதலால் அவ்வுறுப்புத் தளரவே குருதிச்சோகையும் களைப்பும் தோன்றும்; வளர்ச்சியும் குன்றும். வகுப்பிற் சோர்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்பதும், குட்டையான பிள்ளையைக் குள்ளன் என்பதும் நோயின்மேல் நோய் செய்தலாம்.

இத்துன்பத்தை அளத்தற்கு ஜேம்ஸ் வார்னி என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு வினாநிரலை ஆக்கினர். 2001இல் வெளிவந்த அதன் நான்காம் வடிவில் 23 வினாக்கள் உள. உடல் பற்றியன 8; உள்ளம், தோழமை, பள்ளி ஆகியன பற்றியன ஐவைந்து. பெற்றோரை மட்டுமன்றிப் பிள்ளையையும் வினாவுதல் இதன் சிறப்பு. இருவர் விடைகளும் பலகால் ஒத்திருப்பதில்லை. பிள்ளையின் துன்பத்தைப் பிள்ளையே அறியுமாதலின், அதன் சொல்லுக்குச் செவிசாய்த்தல் வேண்டும். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வொன்று, நோய் கடுமையுறாத நிலையிலேயே இச்சிறாரின் வாழ்க்கைத் தரம் ஏனையோரினுந் தாழ்ந்திருத்தலைக் காட்டிற்று.

இனிப் பெரகலச் சந்தியை அடுத்த தோட்டமொன்றில் வாழும் பிள்ளையின் நிலையை எண்ணுவோம். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. எனினும் பதுளைக்கோ, பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ செல்லுந்தோறும் தாய்க்கு ஒருநாட் சம்பளம் போகும். பிள்ளைக்கு ஒருநாட் பாடம் போகும். நோய் முற்றி இயந்திரத்தாற் குருதி சுத்திகரிக்க நேரின், கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அதற்கே செல்லும். பள்ளி நாட்கள் ஐந்தனுள் எஞ்சுவன எத்துணை? வயிற்றறை வழியே வீட்டிற் செய்யும் முறையும் உண்டு. ஆயின் அதற்குத் தூய இடமும் தூய நீரும் இன்றியமையாதன. குடும்பம் முழுவதும் ஓரறையில் உறங்கும் லயத்தில் அவை எளிதிற் கிட்டா. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் நாடோறும் மருந்துண்ணல் வேண்டும்.

வைத்தியர் குருதியைச் சீர்செய்வார். பள்ளி வாழ்வைச் சீர்செய்யவல்லார் ஆசிரியரே. சிறுநீர் கழிக்க எழும் பிள்ளையைத் தடுத்தலாகாது. நீர் மிகுதியாகப் பருகவேண்டிய பிள்ளையும் உண்டு. அளந்து பருகவேண்டிய பிள்ளையும் உண்டு. உப்பும் சில பழங்களும் சிலருக்கு விலக்கு. ஆகவே வைத்தியர் விதித்ததைப் பெற்றோரிடம் கேட்டறிதல் கடன். தவறிய பாடத்தைத் தோழன் ஒருவன் எழுதிக் கொடுக்கலாம். பரீட்சைக்கு உரிய சலுகையை அதிபர் முயன்று பெற்றுத் தரலாம். விளையாட்டினின்று முற்றும் விலக்காது, இயன்றதில் ஈடுபடுத்தலும் நன்று.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இவை செய்யப்படாவிடின், நீண்ட நாள் வராமையால் பின்தங்கி, நாணி, ஈற்றிற் பள்ளியை விட்டே நீங்கும் பிள்ளை. உயிரைக் காத்த மருத்துவம் வாழ்வைக் காவாது ஒழிந்ததாகும். இடாப்பில் வரவின்றிக் கிடக்கும் பெயரொன்றைக் காணும்போது, அப்பிள்ளை எங்கேயென்று வினவுதலே நாம் ஆற்றவேண்டிய முதற் சிகிச்சை.