எழுத்தை எண்ணாக்கும் சொற்செயலி

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். 1992இல் அவர் மறைந்த பின்னர், அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. 1994இல் அதுவே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று.

அத்தகைய பழைய நூல் ஒன்றில் 'நகரத்தார்' என்னும் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று அறிய விரும்புகிறீர்கள். பக்கங்களைப் படம் பிடித்துக் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் போதுமா? போதாது. படம் என்பது கணிப்பொறிக்கு வெறும் புள்ளிக் கூட்டமே. சொல்லைத் தேட வேண்டுமானால், படம் எழுத்தாக மாற வேண்டும். படத்தைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருள்கள் இன்று உண்டு. ஆனால் மங்கிய பழைய அச்சில் அவை தடுமாறும். அப்பிழைகளைத் திருத்தவும், புதிதாகத் தட்டச்சு செய்யவும் உதவும் கருவியே சொற்செயலி.

தட்டச்சுப் பொறியும் சொற்செயலியும்

தட்டச்சுப் பொறியில் விசையை அழுத்தியவுடன் எழுத்து தாளில் பதிந்துவிடுகிறது. நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டும். இக்குறையைப் போக்க 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் ஒரு வழி கண்டது. அடித்ததைக் காந்த நாடாவில் பதிவு செய்து, திருத்தி, மீண்டும் அச்சிடும் பொறியை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய சொற்செயலியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

சொற்செயலியில் நீங்கள் அடிப்பது முதலில் நினைவகத்திற்குத்தான் செல்கிறது. ஆகவே நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் மற்றவை தாமே நகர்ந்து இடம் விடும். ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டலாம். தவறுதலாக அழித்ததை மீட்கலாம். நூறு பக்கங்களில் ஒரு சொல்லை நொடியில் தேடலாம். அதை மாற்றவும் செய்யலாம். ஆனால் இங்கே எச்சரிக்கை தேவை. 'கல்' என்பதை எல்லா இடத்திலும் 'பாறை' என்று மாற்றச் சொன்னால் 'கல்வி'யும் 'பாறைவி' ஆகிவிடும்! பொறிக்குப் பொருள் தெரியாது. எழுத்து வரிசை மட்டுமே தெரியும். மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருப்பது மறையும் என்பதால், அவ்வப்போது சேமித்துக் கொள்வதும் அவசியம்.

எழுத்தும் எண்ணும்

சேமிக்கப்படுவது எது? எழுத்தின் வடிவமா? இல்லை, எண்களே. எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைத் திரையில் வரைவது என்பதை 'எழுத்துரு' என்னும் தனிக் கோப்பு தீர்மானிக்கிறது.

தமிழுக்கு நேர்ந்த தொல்லை இங்கேதான். முற்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தின. 'பாமினி' எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், உள்ளே பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவைதாம். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அம்மா காணாமற் போவாள்! எழுத்துருக் குடும்பங்கள் பலவாக இருந்ததால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க இயலாத நிலை ஏற்பட்டது.

இதற்குத் தீர்வாக வந்தது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் இம்முறையில், 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இதில் 'க' என்றால் 2965. எந்த நாட்டுக் கணிப்பொறியிலும் அதே எண்தான். தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்க 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும், முதலில் வேறு குறியீட்டைக் கையாண்டு, பின்னர் யூனிகோடுக்கு மாறியது.

ஒரு சிறு சோதனை

சொற்செயலியைத் திறந்து, யூனிகோடு முறையில் 'லை' என்று அடியுங்கள். பின்நகர்வு விசையை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள். பெரும்பாலான சொற்செயலிகளில் 'ல' அழியாமல் நிற்கும். ஏன்? 'லை' என்பது உள்ளே இரண்டு எண்கள்: 'ல'வுக்கு 2994, ஐகாரக் குறிக்கு 3016. நீங்கள் அழித்தது இரண்டாவது எண்ணை மட்டுமே. தட்டச்சுப் பொறியிலோ, இடப்பக்கம் நிற்கும் ஐகாரக் குறியை முதலில் அடித்துவிட்டுப் பிறகே 'ல' அடிக்க வேண்டும். சொற்செயலி நாம் பார்க்கும் வரிசையை விடுத்து, ஒலிக்கும் வரிசையைப் பின்பற்றுகிறது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன், 'லை' யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டது. பழைய செட்டிநாட்டு நூல்களில் அவ்வடிவையே காண்பீர்கள். வடிவம் மாறினும் எண்கள் அவையே. ஆகவே பழைய நூலை யூனிகோடில் அடித்து வைத்தால், பழைய வடிவ எழுத்துருவிலும் காட்டலாம், புதிய வடிவிலும் காட்டலாம், தேடினாலும் கிடைக்கும்.

உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் பாட்டனாரின் கடிதங்களோ, மொய்க் கணக்கோ, பாட்டியார் எழுதிய சமையல் குறிப்போ இருக்கக்கூடும். செல்லரிப்பதற்குள் படம் எடுத்து வையுங்கள். பின்னர் அவற்றை யூனிகோடில் அடித்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். முன்பே வேறு எழுத்துருவில் அடித்தவை இருந்தால், குறியீட்டு மாற்றியின் துணையால் இன்றே மாற்றிக் கொள்ளுங்கள். தாளைக் கறையான் அரிக்கும். எழுத்துரு தொலைந்த கோப்போ, கறையான் இல்லாமலேயே படிக்க முடியாததாகிவிடும்.