வாடாமல்லி: மாலைக்கும் உலர்பூவுக்கும் விதையிலிருந்து வளர்த்தல்

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் கூரை, கிணறு, மலசலகூடம் என்று எல்லா வேலைகளும் ஒன்றாக வந்து நிற்கும். வளவில் மரக்கறிக்கே முதலிடம் கொடுங்கள். அதன் ஓரத்தில் சிறிய இடம் மிஞ்சினால் வாடாமல்லி நடலாம்.

மல்லிகையைப் பறித்த அன்றே விற்றாக வேண்டும். பஸ் வராவிட்டால் பூவும் வீண், உழைப்பும் வீண். வாடாமல்லியின் நிறம் கடதாசி போன்ற உலர்ந்த செதில்களில் இருப்பதால் பறித்த பின்னும் பல நாட்களுக்குக் கெடாது. முறையாக உலர்த்தினால் மாதக்கணக்கில் இருக்கும். சந்தைக்குப் போக வசதி கிடைக்கும்வரை வீட்டில் வைத்திருக்கலாம்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்படாத காணியில் மண்ணைக் கொத்தவோ பற்றையை வெட்டவோ வேண்டாம். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். நிலம் போதாவிட்டால் மண் நிரப்பிய உரப்பைகளிலும் இச்செடி வளரும்.

எப்போது விதைப்பது

விதைத்து ஏறக்குறைய மூன்று மாதங்களில் பூக்கும். வடக்கில் மாரி மழை தணியும் மார்கழி கடைசியில் விதைத்தால் பங்குனி, சித்திரையில் பூ கிடைக்கும். ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்குச் சித்திரையில் விதையுங்கள். கடும் மழையில் விதைத்தால் நாற்று அழுகும்.

நாற்று

விதையைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை இருக்கும். உலர்ந்த மணலுடன் சேர்த்து உள்ளங்கையில் மெதுவாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவையுங்கள். அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி விதைத்து, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவுங்கள். மேலே கிடுகு போட்டு ஈரம் காயாமல் தெளியுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளைக்கும். முளைத்ததும் கிடுகை எடுத்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடுதலும் பராமரிப்பும்

நான்கைந்து இலை வந்த பின், மாலை வேளையில் ஓர் அடி இடைவெளியில் நடுங்கள். 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்தியில் ஏறக்குறைய 40 செடிகள் நிற்கும். நாள் முழுதும் வெயில் படும், நீர் தேங்காத இடம் வேண்டும். செடி அரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகிப் பூவும் கூடும். வேர் பிடித்த பின் மேல்மண் காய்ந்ததும் நீர் விட்டால் போதும். அதிக நீர் வேரை அழுகச் செய்யும். கட்டாக்காலி ஆடு, மாடுகளுக்கு வேலி அவசியம்.

பறித்தலும் உலர்த்தலும்

மாலைக்குப் பூவை மட்டும் கொய்யுங்கள். உலர்த்துவதற்கு, பூ உருண்டு முழுதாக விரிந்ததும், அடிச்செதில்கள் பழுப்பாகுமுன், பனி காய்ந்த காலையில் நீண்ட காம்போடு வெட்டுங்கள். இலைகளை நீக்கி, 10 முதல் 15 காம்புகளை இறப்பர் வளையத்தால் கட்டுங்கள். காம்பு காயும்போது சுருங்கும். கயிறு என்றால் தளர்ந்துவிடும். வெயிலும் அடுப்புப் புகையும் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு, மூன்று வாரங்களில் காம்பு முறியும் அளவுக்குக் காய்ந்துவிடும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளிறும். ஈரத்துடன் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

விற்பதற்கு முன்

நடுவதற்கு முன்பே கோயிலடிப் பூக்கடைகளிலும் மாலை கட்டுவோரிடமும் எவ்வளவு வாங்குவார்கள், என்ன விலை தருவார்கள் என்று கேளுங்கள். இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். முதல் தடவை ஒரு பாத்தி போதும்.

நல்ல செடிகள் சிலவற்றில் பூக்களைப் பறிக்காமல் பழுப்பாகக் காயவிட்டு, விதையை உதிர்த்துக் கடதாசி உறையில் ஈரம் படாமல் வையுங்கள். அடுத்த போகத்துக்கு விதை வாங்கத் தேவையில்லை. பக்கத்து வளவுக்கு வருபவர்களுக்கும் ஒரு பிடி கொடுக்கலாம்.