எளியோரும் சட்டமும் – 14: யாருடைய சம்மதம்?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு நம் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பார்க்க, 2009-ல் சண்டிகரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கைப் படித்தால் போதும். அந்தப் பெண்ணுக்குப் பெற்றோர் இல்லை. வயது இருபதை ஒட்டி. அரசு நடத்திய பெண்கள் காப்பகத்தில் இருந்தார். அங்கேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றார். மே மாதம் விஷயம் தெரிந்ததும், கருவைக் கலைக்க அனுமதி கேட்டுச் சண்டிகர் நிர்வாகம் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு அவரிடம் பேசியபோது, குழந்தை வேண்டும் என்றார். துணைக்கு ஆளும் கவனிப்பும் இருந்தால் பெற்றுக்கொள்ளலாம் என்றே குழுவின் கருத்தும் இருந்தது. அப்படியிருந்தும், கருவைக் கலைக்க ஜூலை 17-ல் உத்தரவு வந்தது. நான்கே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. காரணங்களை விளக்கும் தீர்ப்பு ஆகஸ்ட் 28-ல் வெளியானது. தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணனோடு அமர்ந்த இருவரில் ஒருவர் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பி.சதாசிவம்.

அந்தத் தீர்ப்பில் இரக்கத்தைவிடச் சட்ட வாசகத்துக்கே வேலை அதிகம். 1971-ம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது. மனநோயாளியாக இருந்தால் மட்டும் பாதுகாவலர் சம்மதம் தரலாம். 2002-ல் இந்தச் சட்டத்தைத் திருத்திய நாடாளுமன்றம், மனநோயாளி என்பதற்கான வரையறைக்குள் அறிவுசார் குறைபாடு வராது என்று தெளிவாகவே எழுதிவிட்டது. ஆக, இந்தப் பெண்ணுக்குப் பதிலாக வேறு யாரும் தலையாட்ட முடியாது என்பது வழக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே முடிவான சங்கதி. பெற்றோர் ஸ்தானத்தில் அரசு இருக்கிறது என்ற கோட்பாட்டைக் காட்டி உயர் நீதிமன்றம் அதைத் தாண்டப் பார்த்தது. பெற்றோர் ஸ்தானத்தில் இருந்த அந்த அரசின் காப்பகத்தில்தான் அவருக்குக் கொடுமை நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

‘அவருடைய மனவயது ஒன்பதுதானே, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இப்படியொரு முடிவை விடலாமா?’ என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மனவயது என்பது சில சோதனைகளில் ஒருவர் எடுத்த மதிப்பெண்ணை, எந்த வயதுப் பிள்ளைகள் சராசரியாக அதே அளவு எடுப்பார்கள் என்று ஒப்பிட்டுச் சொல்லும் எண். இருபது வருடம் வாழ்ந்த அனுபவம் அதில் ஏறாது; பிடித்தது, பிடிக்காதது, பயம், பாசம் எதுவும் ஏறாது. ஆனால் வங்கி கவுன்ட்டர் வரைக்கும் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. தினமும் டவுன் பஸ் ஏறிப் பயிற்சி மையத்துக்குப் போய்க் காகித உறை ஒட்டிச் சம்பாதிக்கும் நாற்பது வயதுக்காரர் கணக்குத் தொடங்க வந்தால், அவரிடம் பேசாமல் பக்கத்தில் நிற்கும் தங்கையைப் பார்த்து, “கார்டியன் சர்ட்டிஃபிகேட் இருக்காம்மா?” என்று கேட்பது நம் ஊர் வழக்கம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பெற்றுவிடலாம், வளர்ப்பது யார்? நியாயமான கவலை. அந்த வழக்கில், தாயையும் குழந்தையையும் கவனித்துக்கொள்ள, இத்தகைய குறைபாடு உள்ளவர்களின் நலனுக்கான அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளை முன்வந்தது. அது இருக்கட்டும், நம் குடும்பங்களில் எந்தத் தலைப்பிரசவக்காரி தனியாகப் பிள்ளை வளர்த்தாள்? அம்மா, மாமியார், அத்தை, பக்கத்து வீடு என்று ஒரு கூட்டமே கூட நிற்கிறது. ஒத்தாசை தேவைப்படுகிறது என்பதால் அவர்களுக்குத் தாய்மை மறுக்கப்படுவதில்லை. இந்தப் பெண்ணுக்குக் கேட்பதும் அதே ஒத்தாசைதான். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் தப்பிக்க, ‘அதுக்கு என்ன தெரியும், பாவம்’ என்பது வசதியாக இருக்கிறது. அந்த வசதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 1994-ல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் அரசு அங்கீகாரம் பெற்ற விடுதியில் இருந்த பெண்களுக்குப் புனே அரசு மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்க் காலத்தில் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. மந்தபுத்திக்காரப் பரம்பரை என்பது வாதம். அவரும் பலாத்காரத்தால் கருவுற்றவர். பரம்பரைக் குறை என்று காட்டப்பட்ட அவருடைய மகள் பின்னாளில் பள்ளியில் நல்ல மாணவர்கள் பட்டியலில் இடம்பிடித்தாள்.

சண்டிகர் தீர்ப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியாது. லேசான, மிதமான குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் அது பேசுகிறது. 2007-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையோ, சட்டத்தின் முன் முழுத் தகுதி எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு என்கிறது, தரம் பிரிக்கவில்லை. அதற்கேற்ப வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலர் தனியாக முடிவெடுக்காமல், சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து எடுக்க வேண்டும் என்று மாற்றியது, அவ்வளவும் நல்லது. ஆனால் அதே சட்டத்தின் 92-வது பிரிவு, வெளிப்படையான சம்மதமின்றிக் கருக்கலைப்புச் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டு, குறைபாடு தீவிரமாக இருந்தால் மருத்துவர் கருத்தும் பாதுகாவலர் சம்மதமும் போதும் என்று கூடவே ஒரு விலக்கை வைத்திருக்கிறது. தீவிரம் எங்கே தொடங்குகிறது என்று சட்டம் சொல்லவில்லை. நடைமுறையில் கையில் இருக்கும் அளவுகோல் ஊனச் சான்றிதழ் மட்டுமே: மிதமானது என்றால் 75 சதவீதம், தீவிரம் என்றால் 90. அந்த எண்ணைப் போடும் மருத்துவக் குழு, போடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் பேச எத்தனை நிமிடம் ஒதுக்க வேண்டும் என்பதும் பிரிவு 92-ல் இல்லை.

(தொடரும்)