வளர்ப்பு நாய்க்குக் கட்டாயக் கருத்தடை: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

வீட்டு நாய்க்குக் கருத்தடை செய்வது அதை வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள். 2001ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக மத்திய அரசு 2023 மார்ச்சில் இவற்றைக் கொண்டுவந்தது. குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றும் வளர்ப்பவர் தலையில். தெருநாய்க்கு இவற்றைச் செய்வது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளின் வேலை. ஆனால், பொறுப்பு என்று சொன்ன விதி, இத்தனை மாதத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்து நாயைப் பிடித்துப்போய் அறுவை செய்ய எந்த அலுவலருக்கும் அது அதிகாரம் தரவும் இல்லை. நாய் வளர்ப்போரின் அச்சமும் எதிர்ப்பும் பெரும்பாலும் இந்த இடைவெளியில் முளைப்பவை.

கட்டாயம் என்ற சொல் வெளிப்படையாக வந்தது வேறு வழியில். காசியாபாத் மாநகராட்சி 2022இல் பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய மூன்று இனங்களுக்குத் தடை விதித்து, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இரண்டு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றது. 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவோ விற்கவோ இனப்பெருக்கம் செய்யவோ கூடாது, வீடுகளில் இருப்பவை மேலும் குட்டி போடாதபடி கருத்தடை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நாய் வைத்திருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதிக்கப்படுவோரைக் கேட்காமல், விதிகளைத் தாண்டிப் பிறப்பித்த உத்தரவு என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்று அதை ரத்து செய்தது. மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டபின் புதிதாக அறிவிக்கை வெளியிடுவதாக டெல்லி உயர்நீதிமன்றத்தில் மத்திய அரசே சொன்னது. அதே ஆண்டு மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ராட்வைலர் நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு, தமிழகக் கால்நடைத் துறையும் அதே 23 வகைகளுக்குத் தடை என்று அறிவித்து, சூடு ஆறுமுன் திரும்பப் பெற்றது. இந்த வழக்குகளிலிருந்து நாய் வளர்ப்போர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, அதை விதியாக முறைப்படி கொண்டுவர வேண்டும், சுற்றறிக்கை போதாது.

தென்காசி மாவட்டத்துக்கு இந்தப் பிரச்சினை கொஞ்சம் வேறு முகம் காட்டுகிறது. அந்த 23 வகைப் பட்டியலில் தமிழ்நாட்டு நாய் எதுவும் இல்லை. ஆனால் சிவகிரியைத் தாண்டினால் வருவது ராஜபாளையம். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல்காட்டில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய நாய்கள். ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையே வந்தது. எண்ணிக்கை குறைந்த இனத்தில் நல்ல பெட்டைகளுக்கெல்லாம் கருத்தடை செய்துவிட்டால், மிச்சமிருப்பவை நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர வேண்டிவரும். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது ஏற்கெனவே உள்ள சிக்கல். வட்டம் சுருங்கினால் இத்தகைய குறைகள் கூடும். எல்லா நாய்க்கும் ஒரே சட்டம் வேண்டாம் என்போரின் வாதங்களில் வலுவானது இதுதான்.

உடல்நலத்தை முன்வைத்து எழும் வாதம் அவ்வளவு நேரானதல்ல. பெட்டைக்குச் செய்யும் அறுவையில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்து அத்தோடு தீர்கிறது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வருவதும் வெகுவாகக் குறையும் என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. மறுபக்கமும் இருக்கிறது. பெரிய இன நாய்களுக்கு மிக இளவயதில் செய்தால் மூட்டுக் கோளாறுகள் கூடுவதை கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. உடல் பருக்கும், சில பெட்டைகளுக்குச் சிறுநீர் கசியும். நார்வேயில் தக்க காரணமில்லாமல் விலங்கின் உறுப்பை அகற்றவே கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமோ 2008இல் நான்கு மாதம் நிறைந்த நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை கட்டாயம் என்றது, பதிவு பெற்ற இனப்பெருக்காளர் போன்றோருக்கு விலக்கு தந்து. எந்த வயதில் செய்வது என்பதை அந்த நாயைப் பார்த்த மருத்துவர் சொல்வதே சரி.

கருத்தடை வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு அதன்பின் வேலை கூடுகிறது. பெட்டை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். மூன்று வாரம் வரை நீடிக்கும். அந்த நாட்களில் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே தெருக் கடுவன்கள் விடியவிடியக் காத்துக் கிடக்கும். வேப்பமரத்தில் கட்டிப்போட்ட கயிறு ஒரு ராத்திரி அவிழ்ந்தால் போதும், சுமார் 63 நாளில் ஈத்து. ஐந்தாறு குட்டிகளில் கடுவன் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டிகள் அட்டைப்பெட்டியில் ஏறும். சாப்பாட்டுக் கடை இருக்கும் இடத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு கணக்கு. குற்றாலத்தில் சீசன் இருக்கும்வரை எச்சில் இலைக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் தாண்டிக் கூட்டம் வடிந்தபின் அந்தக் குட்டிகள் என்ன செய்யும் என்று விட்டவர் யோசிப்பதில்லை. மலையடிவாரத்தில் திரியும் நாய் சிறுத்தையை ஊருக்குள் இழுக்கும். வெறிநோயையும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயையும் காட்டு விலங்குகளுக்குக் கொண்டுபோகும். பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுக்கு முந்தைய விலைவாசி.

கடிக்கான தண்டனை அவ்வளவு மலிவில்லை. நாயைக் கவனக்குறைவாக விட்டு மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையை உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கடிபட்டவர் இழப்பீடு கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம். கருத்தடை செய்த நாய் கடிக்காது என்றோ அதற்கு வெறி பிடிக்காது என்றோ நம்புவது ஆபத்து. வெறிநோயைத் தடுப்பது ஊசி மட்டுமே; ஆண்டுதோறும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாட்டு இனத்தைக் காக்கவே குட்டி எடுப்பதாகச் சொல்பவருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. விற்பதற்காகக் குட்டி எடுப்போர், 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆறு மாதம் கடந்ததைக் கருத்தடை செய்யாமல் விற்பதென்றால், பதிவு பெற்ற இன்னொரு இனப்பெருக்காளருக்கு மட்டுமே. இனத்தின் பெயரால் கருத்தடையை எதிர்ப்பவர் இந்தப் பதிவைச் செய்திருக்கிறாரா என்பதை வைத்தே அவர் வாதத்தை எடைபோடலாம்.

உரிமையைக் காப்பாற்றித் தருவது காகிதம். உள்ளாட்சியில் எடுத்த உரிமம், தடுப்பூசிச் சான்று, நாயின் படம், கழுத்தில் தொலைபேசி எண்ணோடு காலர் ஆகியவை இருந்தால், தெருநாய் பிடிப்பவர்கள் தவறிக் கொண்டுபோனாலும் கருத்தடை மையத்திலிருந்து மீட்கலாம். காலரில்லாமல் தெருவில் திரிந்தால் அதை வளர்ப்பு நாய் என்று நிரூபிப்பது கடினம். அறுவை செய்ய முடிவெடுத்தால் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையிலோ, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்கலாம். காசு கொடுத்துச் செய்த அறுவை கவனக்குறைவால் கெட்டுப்போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இடமுண்டு. மருந்துச்சீட்டும் ரசீதும் இல்லாமல் வழக்கு நிற்காது.

குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் தந்தது. கேரள உயர்நீதிமன்றமும் 2021இல் அதே கருத்தைச் சொன்னது. கெடு வைத்துக் கருத்தடை செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் எந்த விதியின் கீழ் அது வந்திருக்கிறது என்பதை. குறிப்பிடாவிட்டால் எழுத்தில் விளக்கம் கேட்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். அதற்கும் மசியாவிட்டால் தென்காசிக்காரர் போக வேண்டிய இடம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வக்கீலுக்கு வசதியில்லாதவர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.