குன்றாண்டார்கோவில் கூகுளில் முந்துமா?

புதுக்கோட்டைப் பக்கம் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும், முதலில் வாயில் வருவது சித்தன்னவாசல்தான். அதே மாவட்டத்து குன்றாண்டார்கோவிலில், 8-ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எழுப்பிய சிவன் கோயில் இருக்கிறது. அதன் முன்னே, குதிரைகள் இழுக்கும் தேர் போலச் சக்கரங்களோடு ஒரு கல் மண்டபம். படத்தைப் பார்த்தால் ‘இது எந்த ஊர்?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. ஆனால், ஊர்ப் பெயரே தெரியாமல் தேடுகிறவர் கண்ணில் இது பட வேண்டுமே! ஆள் வந்தால்தானே டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் வியாபாரம்?

ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான்: ஓர் இணையப் பக்கம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால், அது ஓர் ஓட்டு. ஆனால், எல்லா ஓட்டும் சமமல்ல. மாப்பிள்ளையைப் பற்றித் தரகர் பத்து முறை புகழ்வதும், ஊர் மதிக்கும் வாத்தியார் ‘நல்ல பையன்’ என்று ஒருமுறை சொல்வதும் ஒன்றா? பலரும் லிங்க் கொடுத்திருக்கும் பக்கம் நம்மைக் கைகாட்டினால் கனம் அதிகம். அதே பக்கம் ஆயிரம் பேரைக் கைகாட்டினால், ஆளுக்குக் கிடைப்பது சொற்பம். இன்று கூகுள் வேறு எத்தனையோ விஷயங்களையும் பார்க்கிறது. என்றாலும், லிங்க்கின் மவுசு தீர்ந்துவிடவில்லை.

அப்படியானால் காசு கொடுத்து லிங்க் வாங்கலாமே? அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்காக, சம்பந்தமில்லாத தளங்களில் எல்லாம் லிங்க் விதைத்திருந்தார்கள். 2011-ல் குட்டு வெளிப்பட, கூகுள் அந்தக் கடையைப் பின்னுக்குத் தள்ளியது. அடுத்த ஆண்டே இந்த வேலைகளைப் பிடிக்க ‘பெங்குயின்’ வந்தது. ‘முதல் இடம் கேரன்டி’ என்று போன் செய்பவர்களை நம்ப வேண்டாம். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

லிங்க் இல்லாமல் பெயர் மட்டும் வந்தால்? அதையும் ‘மறைமுக இணைப்பாக’ எண்ணும் முறைக்கு 2014-ல் கூகுள் காப்புரிமை பெற்றது. காப்புரிமை வாங்கியதாலேயே அது நடைமுறையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் மேப்பில் கடை, கோயில் தேடும்போது, தேடலுக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாக கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தப் பிரபலத்தில் லிங்க்கும் ரிவ்யூவும் அடக்கம்.

இங்கேதான் இந்த ஊருக்கு ஒரு சிக்கல். குன்றாண்டார்கோவில், குன்றாண்டார்கோயில், குன்னாண்டார்கோவில் என ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம்! சேர்ந்து விழ வேண்டிய ஓட்டுகள் சிதற இதுவே போதும்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் போட்டோ கூகுள் தேடலுக்கு எட்டாது. அதே படத்தை மேப்பில் ஏற்றி, ‘குன்றாண்டார்கோவில், புதுக்கோட்டை மாவட்டம்’ என்று முழுசாக எழுதி, பார்த்ததை நாலு வரி ரிவ்யூவாகப் போட்டால் எட்டும். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள், கோயில் பற்றிய நல்ல பக்கம் ஒன்றுக்கு லிங்க்கும் கொடுத்துவிடலாம், காசா, பணமா?